நான்காவது குழாய்: மருந்துக்கு அடங்காத ஒரு கிருமியும் ஏழு நாள் சிகிச்சையும்

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடலை அடுத்த ஒரு கிராமத்தில் இப்போது ஒரு பேச்சு நடமாடுகிறது. பாளையங்கோட்டையில் பெரிய ஊசி ஒன்று இருக்கிறதாம். நினைவு தப்பியவருக்கு அதைப் போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். அந்தப் பேச்சை நம்பி, வெறும் நீர்க்கடுப்புக்கு "அந்த ஊசியையே போட்டுவிடுங்கள் சார்" என்று என்னிடம் கேட்டவர்கள் இதுவரை மூன்று பேர்.

ஊசியால் பிழைத்தார் என்று ஊர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்த நிகழ்வு ஆய்வை எழுதுகிறேன். நோயாளியிடமும் அவர் மகனிடமும் அனுமதி பெற்றிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த நிலை

அவருக்கு 58 வயது. சிறுமியாக இருந்தபோது பீடித் தட்டை மடியில் வாங்கியவர், இன்றுவரை இறக்கி வைக்கவில்லை. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஐப்பசியில் மழை விடாத ஒரு மாலையில் மகனும் மருமகளும் வாடகைக் காரில் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே வலி, வாந்தி. அன்று காலையிலிருந்து பேச்சு குழறியது. "ஆச்சிக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை, பேரன் பெயரைக்கூட மாற்றிச் சொல்கிறார்கள்" என்றார் மருமகள்.

காய்ச்சல் 103 டிகிரி. நாடித்துடிப்பு 124. இரத்த அழுத்தம் 84/50. மூச்சு நிமிடத்துக்கு 28. சர்க்கரை 386. வெள்ளையணுக்கள் 21,000, தட்டணுக்கள் 96,000. சிறுநீரகம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் நான்கு மாதம் முன்பு 1.0, இப்போது 2.3. உறுப்புகளுக்கு இரத்தம் போதவில்லை என்று காட்டும் லாக்டேட் 4.1. இரத்தத்தில் கிருமி ஏறி, அழுத்தம் விழுந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்கிற நிலை.

சி.டி. ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கிக் கிடந்தது. அதிலிருந்து சிறுநீர்ப்பை வரை ஒரு ஸ்டென்ட் குழாய் ஓடியது. அதன் மேல் முனை முழுவதும் உப்புப் படிந்து கல்லாகியிருந்தது.

அந்தக் குழாயின் கதை இது. நான்கு மாதம் முன்பு கல்லடைப்பு வலியோடு வேறொரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே அவசரத்துக்கு ஸ்டென்ட் வைத்து, கடுமையான தொற்றுக்குப் போடும் மெரோபெனம் ஊசியை ஐந்து நாள் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆறு வாரத்தில் திரும்பி வந்து கல்லையும் குழாயையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. வலி நின்றுவிட்டது, வீட்டில் ஒரு விசேஷம் வந்தது, யாரும் போகவில்லை. உடம்புக்குள் ஒரு குழாய் இருப்பதே மருமகளுக்கு ஸ்கேன் படத்தைக் காட்டியபோதுதான் தெரிந்தது. நோயாளிக்கே தெரிந்திருந்ததா என்பது எனக்கு இன்னும் சந்தேகம். ஸ்டென்ட் வைத்தவரிடம் "உங்களுக்குள் ஒரு குழாய் இருக்கிறது, இன்ன தேதிக்கு மேல் அது இருக்கக்கூடாது" என்று தமிழில் எழுதிக் கொடுக்க எத்தனை நிமிடம் ஆகும்? எங்கள் மருத்துவமனையிலும் அந்தப் பழக்கம் இருக்கவில்லை. இந்த நோயாளிக்குப் பிறகுதான் தொடங்கினோம்.

மஞ்சள் பை

முன்பு என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டபோது மகன் ஒரு மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார். எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமான ஆவணம் அந்தப் பைதான். கத்தரித்த மாத்திரை அட்டைகள் உதிர்ந்தன. ஓஃப்ளாக்சசினில் மூன்று மாத்திரை தின்று மீதி இருந்தது. நார்ஃப்ளாக்சசின் பாதி அட்டை. செஃபிக்சிம் இரண்டு. கடைசியாக ஃபரோபெனம் நான்கு.

ஆறு மாதத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. ஆயிரம் பீடியை முடிக்கும் வரை எழுந்திருக்கக்கூடாது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்காருகிறவர்கள் இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான பெண்கள். நெல்லை வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் சிறுநீரையும் அடக்கினால் கல்லும் வரும், கடுப்பும் வரும். முதலில் சூடு பிடித்துவிட்டது என்று வெந்தயமும் மோரும் குடிப்பார்கள். கேட்காவிட்டால் மருந்துக்கடை அண்ணாச்சியிடம் ஒரு செட் மாத்திரை. இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் மீதியை அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பார்கள். காசைச் சேமிக்கிற கை மாத்திரையையும் சேமிக்கிறது. இதில் அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

குறை இருக்க வேண்டிய இடம் வேறு. செஃபிக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை மருந்துகளும் பெனம் வகை மருந்துகளும் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டில்லாமல் விற்கக்கூடாது, எழுதிய மருத்துவர், வாங்கியவர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். செஃபிக்சிம் சீட்டில்லாமல் வந்தது. ஆனால் ஃபரோபெனம் ஒரு மருத்துவரின் சீட்டோடுதான் வந்திருந்தது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சிறுநீரிலிருந்து வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை செய்யாமல், சாதாரண நீர்க்கடுப்புக்கு, மெரோபெனத்தின் தம்பி போன்ற ஒரு மருந்து! நைட்ரோஃபுரன்டாயின் ஐந்து நாள் கொடுத்திருந்தாலே போதும். கடைக்காரரை மட்டும் கைகாட்டிவிட்டு நாங்கள் நழுவிவிட முடியாது. சளிக்கும் செஃபிக்சிம் எழுதிய காலம் எனக்கும் உண்டு. அந்தச் சீட்டுகளை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

முதல் இரவு

முதல் ஒரு மணி நேரத்தில் நடந்தவை: இரண்டு கைகளிலிருந்தும் இரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினோம், சிறுநீரும் போனது. அதன் பிறகே மெரோபெனமும் ஒரே ஒரு வேளை அமிகாசினும் ஏற்றினோம். டிரிப்ஸ் ஏற்றியும் அழுத்தம் எழும்பாததால் நார்அட்ரினலின் தொடங்கினோம்.

இரவு பத்தரை மணிக்குச் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர் வந்தார். அடைபட்ட ஸ்டென்டை அந்த நிலையில் இழுக்க முடியாது. முதுகுப்புறத் தோல் வழியாகச் சிறுநீரகத்துக்குள் நேராக ஒரு குழாயைச் செருகினார். குழாய் இறங்கியதும் மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் வந்தது. அறுபது மில்லிக்கு மேல் இருக்கும். அதிகாலை நான்கு மணிக்கு நார்அட்ரினலின் அளவைப் பாதியாகக் குறைக்க முடிந்தது.

இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த நான்கு மணிக்கு, அவர் உடம்பில் ஓடிய எந்த மருந்தும் அந்தக் கிருமியைக் கொல்லக்கூடியது அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அழுத்தம் எழும்பத் தொடங்கியது சீழ் வெளியேறியதால். ஊரில் பேசப்படும் பெரிய ஊசி அப்போது மருந்தகத்தின் பூட்டிய அலமாரியில் இருந்தது.

ஏன் அதை அப்போதே எடுக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. நான்கு மாதம் முன்பு மெரோபெனம் போட்டவர், உள்ளே பழைய குழாய், அழுத்தம் விழுந்த நிலை: மெரோபெனத்துக்கு அடங்காத கிருமியாக இருக்கலாம் என்ற ஐயம் எனக்கு இருந்தது. ஆனால் கிருமி எந்த நொதியைச் சுரந்து மருந்தை உடைக்கிறது என்று தெரியாமல் புதிய மருந்தைத் தொட்டால் குருட்டாம்போக்காகிவிடும். நொதிக்கு நொதி மருந்து மாறும். பரிசோதனைக்கூடம் மறுநாள் சொல்லிவிடும்; சீழ் வடியத் தொடங்கிவிட்டது. அழுத்தம் இன்னும் கீழே போனால் காத்திருக்கக்கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு, அன்றிரவைக் கடந்தோம்.

முதல் இரவே தொடங்கியிருப்பேன் என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இதே நோயாளி இன்னும் கொஞ்சம் மோசமாக வந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அப்படித் தொடங்குவது தவறில்லை. மறுநாள் கிருமி சாதாரணமானது என்று தெரிந்தால் நிறுத்திவிட்டுப் பழைய மருந்துக்கு இறங்கி வரும் துணிவு வேண்டும். எங்கள் தொழிலில் அந்தத் துணிவு குறைவு. நோயாளி தேறிக்கொண்டிருக்கும்போது எந்த மருந்தையும் மாற்றக் கை நடுங்குகிறது.

அட்டையில் இரண்டு கோடுகள்

பதின்மூன்றாவது மணி நேரத்தில் வளர்ப்புக் கருவி ஒலித்தது. நுண்ணோக்கியில் சிவப்பு நிறக் குச்சிகள், அதாவது கிராம் நெகட்டிவ் கிருமி. எங்கள் நுண்ணுயிரியல் மருத்துவர் முழு அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் போன்ற ஒரு சிறு அட்டையில், மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளை உடைக்கும் ஐந்து வகை நொதிகளைத் தேடலாம். கால் மணி நேரத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று என்.டி.எம். இன்னொன்று ஆக்ஸா-48.

என்.டி.எம். என்ற பெயரில் புது டெல்லி ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு சுவீடன் நாட்டு நோயாளியிடம் 2008இல் அது அடையாளம் காணப்பட்டது. 2010இல் வெளியான பெரிய ஆய்வில் சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த கிருமிகள் இருந்தன; அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அப்போது நாட்டின் பெயருக்கு இழுக்கு என்று கோபப்பட்டவர்கள் பலர். இரண்டே ஆண்டில், 2012இல், இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைக் காப்பாற்ற ஒரு பிரகடனம் வெளியிட்டன. அந்த நொதியைச் சுமக்கும் கிருமி இன்று முக்கூடல் பக்கத்தில், வெளிநாட்டை விடுங்கள், சென்னையைக்கூட அதிகம் பார்த்திராத ஒரு பெண்மணியின் இரத்தத்தில் இருக்கிறது.

இனி மருந்து. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதில் அவிபாக்டம் கொல்லும் மருந்து அல்ல, காவல். கிருமியின் நொதிகளைக் கட்டிப்போட்டு, கூட வரும் மருந்து உடையாமல் பார்த்துக்கொள்ளும். ஆக்ஸா-48 நொதியை அது கட்டும். துத்தநாக அணுவைக் கொண்டு வேலை செய்யும் என்.டி.எம்.மை அதனால் கட்ட முடியாது. எனவே எங்கள் நோயாளிக்கு அந்தக் கூட்டை மட்டும் கொடுத்திருந்தால் ஒரு பயனும் இல்லை. விலை உயர்ந்த தண்ணீர் ஏற்றியதாகவே இருந்திருக்கும். இப்படித் தனியாக எழுதப்பட்ட சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அஸ்ட்ரியோனம் என்று 1980களில் வந்த ஒரு பழைய மருந்து இருக்கிறது. அதை மட்டும் என்.டி.எம். உடைக்காது. ஆனால் என்.டி.எம். தனியாக வருவதில்லை, கூடவே வரும் மற்ற நொதிகள் அஸ்ட்ரியோனத்தைத் தின்றுவிடும். நோயாளியின் மகன் வயல் பார்க்கிறவர். அவருக்கு இப்படிச் சொன்னேன்: உங்கள் நெல்லுக்கு மயிலும் எதிரி, எலியும் எதிரி. மயில் தொடாத ஒரு தானியம் இருக்கிறது, ஆனால் எலி அதை விடாது. எலிக்குப் பொறி வைத்துவிட்டு அந்தத் தானியத்தை விதைத்தால் அறுவடை உண்டு. அஸ்ட்ரியோனம் அந்தத் தானியம், அவிபாக்டம் பொறி. அவர் உடனே கேட்டார்: "அப்படியானால் பொறி வைத்த நேரமும் விதைத்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டுமே சார்?"

அவர் கேட்டதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. செஃப்டாசிடிம்-அவிபாக்டம், அஸ்ட்ரியோனம் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க முடிவெடுத்தோம்; இவைதான் ஊர் பேசும் பெரிய ஊசி. இரண்டும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் இருக்க வேண்டும். ஆனால் முதல் நாள் மருந்து அட்டவணையில் ஒன்று மாலை நான்கு மணிக்கும் மற்றொன்று ஆறு மணிக்கும் என்று பதிவாகியிருந்தது. கையில் ஒரே ஊசிவழி இருந்ததால் வசதிக்காக அப்படி எழுதப்பட்டது. இரவுப் பணிக்கு வந்த செவிலியர் கேள்வி எழுப்பினார். இன்னொரு ஊசிவழி வைத்து, இரவு பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டையும் சேர்த்தே இரண்டு மணி நேரம் ஓட விட்டோம். முதல் வேளையை ஓரளவு வீணடித்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவிபாக்டமும் அஸ்ட்ரியோனமும் ஒரே குப்பியில் சேர்ந்த மருந்து 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றுவிட்டது. நாங்கள் செய்வது தனித்தனிக் குப்பிகளை வைத்து அதையே கட்டியெழுப்பும் வேலை.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிரியாட்டினின் 2.3 என்றால் அளவைப் பாதிக்கும் கீழே குறைக்கச் சொல்கிறது மருந்துத் தாள். நாங்கள் முதல் 48 மணி நேரம் குறைக்கவில்லை. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 2.5 கிராமும் அஸ்ட்ரியோனம் 2 கிராமும் எட்டு மணிக்கு ஒருமுறை. கிருமித் தாக்குதலால் திடீரென்று சுணங்கிய சிறுநீரகம் அடைப்பு நீங்கியதும் பெரும்பாலும் இரண்டு நாளில் மீளத் தொடங்கும்; அதற்குள் மருந்தைச் சுருக்கினால் மிக ஆபத்தான நேரத்தில் அரைகுறை மருந்து கிடைக்கும். மூன்றாம் நாள் கிரியாட்டினின் 1.5. கணக்கு தவறவில்லை.

இத்தகைய கிருமிகளுக்குப் பலரும் எடுக்கும் பழைய மருந்தான கோலிஸ்டின் ஏன் வேண்டாம் என்றோம்? சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. கோலிஸ்டின் அதையே தாக்கும். 2021இல் இத்தாலி, கிரீஸ் மருத்துவமனைகளிலிருந்து வந்த ஒரு ஆய்வில் இவ்வகைக் கிருமி இரத்தத்தில் ஏறிய 102 பேரைப் பார்த்தார்கள். இந்தக் கூட்டு மருந்து பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 19 சதவீதம். கோலிஸ்டின் உள்ளிட்ட மற்ற மருந்துகள் பெற்றவர்களில் 44 சதவீதம். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் என் முன்னால் படுத்திருந்தவருக்கு முடிவெடுக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நான்கு குழாய்கள்

கிருமி கிளெப்சியெல்லா நிமோனியே. செஃப்ட்ரையாக்சோன், பிப்பராசிலின்-டாசோபாக்டம், மெரோபெனம், சிப்ரோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின், அமிகாசின் எதற்கும் அடங்கவில்லை.

நுண்ணுயிரியல் மருத்துவர் மூன்றாம் நாள் காலை என்னைக் கீழே கூப்பிட்டார். ஒரு தாங்கியில் நான்கு சிறு குழாய்கள். எல்லாவற்றிலும் அதே கிருமி. முதல் குழாயில் மருந்து இல்லை. இரண்டாவதில் செஃப்டாசிடிம்-அவிபாக்டம். மூன்றாவதில் அஸ்ட்ரியோனம். நான்காவதில் இரண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முதல் மூன்றும் அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கியிருந்தன. நான்காவது, தை மாதத்துத் தாமிரபரணிபோல, அடி தெரியத் தெளிந்திருந்தது.

முப்பது ஆண்டு மருத்துவத்தில் என் மனத்தை இவ்வளவு தொட்ட சோதனை முடிவுகள் சில மட்டுமே. பெரிய கருவி தேவைப்படாத, மாவட்ட மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை இது. இதைச் செய்ய ஆள் இல்லாத இடத்தில் புதிய மருந்தை விற்பதும் வாங்குவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு குறிபார்ப்பதாகும்.

ஒரு பக்கத் தாள்

எங்கள் மருத்துவமனையில் இந்த வகை மருந்துகளை எடுக்க ஒரு பக்கத் தாளை நிரப்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை மூன்று கூடைகளாகப் பிரித்தது: முதலில் எடுக்கத்தக்கவை, கவனத்தோடு எடுக்க வேண்டியவை, வேறு வழியில்லாதபோது மட்டும் தொட வேண்டிய இருப்பு மருந்துகள். மெரோபெனம் இரண்டாம் கூடை. செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் கோலிஸ்டினும் மூன்றாவது. அந்தக் கடைசிக் கூடைக்கான தாளில் நான்கே கேள்விகள். தொற்று எங்கே இருக்கிறது, அங்கிருந்து சீழோ குழாயோ எடுக்கப்பட்டதா? மருந்துக்கு முன் வளர்ப்புச் சோதனை எடுத்தாயிற்றா? வேறு மருந்து ஏன் ஆகாது? எந்தத் தேதியில் நிறுத்தப்போகிறீர்கள்?

நான்காவது கேள்விக்குத்தான் மருத்துவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளை எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு தேதி அங்கே இருந்தால்தான் அந்தத் தேதியில் யாராவது நின்று யோசிப்பார்கள்.

எங்கள் நோயாளிக்கு ஏழு நாள் என்று எழுதினேன். மூன்றாம் நாள் நார்அட்ரினலின் நின்றது. அன்று மறுபடி எடுத்த இரத்த வளர்ப்பில் கிருமி இல்லை. நான்காம் நாள் பேரன் பெயரைச் சரியாகச் சொன்னார். ஆறாம் நாள் சொதி கேட்டார். ஏழாம் நாள் மருந்தை நிறுத்தப்போகிறேன் என்றதும் மகன் முகம் வாடியது. "இன்னும் நாலு நாள் போட்டால் வேரோடு போய்விடாதா? பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், நகையை வைத்துவிட்டேன்." ஒரு நாள் மருந்துச் செலவு அவர் அம்மாவின் ஒரு மாதப் பீடிக் கூலியைத் தாண்டியிருந்தது. அப்படியிருந்தும் கூடுதல் நான்கு நாளுக்கான குப்பிகளை வாங்கி வைத்திருந்தார்.

2024இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏழு நாடுகளைச் சேர்ந்த 3,600க்கும் மேற்பட்ட இரத்தத் தொற்று நோயாளிகளில் ஏழு நாள் மருந்து பெற்றவர்கள் பதினான்கு நாள் பெற்றவர்களைவிட எந்த வகையிலும் பின்தங்கவில்லை. இந்தக் கிருமிக்கென்றே செய்யப்பட்ட ஆய்வு அல்ல என்பதால் நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவில்லை. சீழ் வடிந்துவிட்டது, இரத்தம் சுத்தம், காய்ச்சல் நின்று நான்கு நாள். மேலும் நான்கு நாள் மருந்து கொன்றிருக்கப்போவது குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளையே. மிஞ்சுவது இந்த மருந்துக்கும் அடங்காதவை. வயல்காரருக்கு அது விளங்கியது. களைக்கொல்லியை அளவுக்கு மீறி அடித்த வயலில் எந்தக் களை மிஞ்சும் என்று அவரே சொன்னார். திறக்காத குப்பிகளை மருந்தகம் திரும்ப எடுத்துக்கொண்டது. அதற்காக நான் நிர்வாகத்திடம் சண்டையிட வேண்டியிருந்தது.

அந்த ஏழு நாளும் அவர் தனி அறையில் இருந்தார். உள்ளே போகிறவர்கள் கையுறையும் மேலங்கியும் போட்டார்கள். "தொற்றுநோயா, பேரனை விடக்கூடாதா?" என்று மருமகள் பயந்தார். வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம். கழிப்பறைக்குப் போய் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும் என்று சொன்னேன். மருத்துவமனையில் மட்டும் அந்தக் கவனம் தேவை. அடுத்த கட்டிலில் படுத்திருப்பவர் அவரைவிடப் பலவீனமானவர். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு இந்தக் கிருமியைச் சுமப்பது எங்கள் கைகள்தான்.

புதியவை ஏன் இவ்வளவு குறைவு

பயிற்சி மருத்துவர் ஒருவர், இந்தக் கிருமியை வெல்ல இன்னும் பத்து மருந்து கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். பிளாசோமைசின் என்ற மருந்தின் கதையை அவருக்குச் சொன்னேன். 2018 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி. 2019 ஏப்ரலில் அதை உருவாக்கிய நிறுவனம் திவாலானது. குறைவாகப் பயன்படுத்த வேண்டிய மருந்து குறைவாகவே விற்கும். நல்ல செய்தியும் உண்டு. செஃபிபிம்-என்மெட்டாசோபாக்டம் என்ற கூட்டு, சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. அதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அது எங்கள் நோயாளிக்கு உதவியிருக்காது. என்.டி.எம்.மின் முன்னால் அதுவும் நிற்காது. அதன் இடம் அதற்கு முந்தைய படி: மெரோபெனத்தைத் தொடாமலே சில தொற்றுகளைச் சமாளிப்பது. சென்னையில் பிறந்த மருந்து என்பதற்காக எல்லாக் காய்ச்சலுக்கும் அதை எழுதினால் அந்தப் பெருமை சில ஆண்டுகள்கூடத் தாங்காது.

பிறகு

ஆறு வாரத்தில் கல்லும் பழைய ஸ்டென்டும் எடுக்கப்பட்டன. அறுவைக்கு முந்தைய சிறுநீர் வளர்ப்பில் அதே கிளெப்சியெல்லா இருந்தது. சிறுநீர்ப் பாதையில் கருவி நுழையும்போது சவ்வு கிழியும், கிருமி இரத்தத்தில் ஏறும். அதனால் அறுவைக்கு முன் ஒரே ஒரு வேளை இரண்டு மருந்துகளும் சேர்த்துக் கொடுத்தோம். அடுத்த வேளை இல்லை.

மாசி மாதம் மகன் மறுபடி வந்தார். கையில் ஒரு அறிக்கை. முகத்தில் ஐப்பசி மாதத்துப் பயம். அம்மாவுக்குக் கண்ணில் புரை. அறுவைக்கு முந்தைய சோதனைகளோடு யாரோ சிறுநீர் வளர்ப்பையும் எழுதிவிட்டார்கள். கிளெப்சியெல்லா. எல்லா மருந்துக்கும் எதிரே, அடங்காது என்பதைக் குறிக்கும் 'R' என்ற ஒற்றை எழுத்து. கண் அறுவையை ஒத்திவைத்து, பத்து நாள் சேர்ந்து அந்த ஊசியைப் போட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவை உள்ளே அழைத்தேன். காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, விலாவில் தட்டினால் வலி இல்லை. இப்போதெல்லாம் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துக்கொள்கிறாராம், ஐந்நூறு பீடிக்கு ஒருமுறை எழுந்து போகிறாராம்.

அவரிடம் கிருமி இருந்தது, நோய் இல்லை. குடலிலும் சிறுநீர்ப்பையிலும் அது இன்னும் சில மாதம் குடியிருக்கலாம். தொந்தரவு தராத சிறுநீர்க் கிருமிக்கு மருந்து வேண்டாம். சிறுநீர்ப் பாதையைத் தொடாத கண் அறுவைக்காக அதைச் சுத்தப்படுத்தவும் வேண்டாம். ஆனால் ஊசி போடாமல் திருப்பி அனுப்புவது, போடுவதைவிடக் கடினமாக இருந்தது. மகனோடு அரை மணி நேரம் பேசினேன். கண் மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன், போனிலும் பேசினேன். எந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும் என்று தமிழில் ஐந்து வரி எழுதி மகனிடம் கொடுத்தேன்.

மறு வாரம் கண் அறுவை நடந்தது. பங்குனியில் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். காய்ச்சல் எதுவும் வரவில்லை. என்னிடம் கேட்க அவருக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது: தலையைக் குனிந்து பீடி சுற்ற இன்னும் எத்தனை நாள் ஆகும்? கண் மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.